லேக் ஃபோர்க் படகுக்கு 6 இன்ச் ஜாக் பிளேட்: ஒரு நிகழ்வு ஆய்வு

கிழக்கு டெக்சாஸில் லேக் ஃபோர்க் ஏரியில் பாஸ் மீன் பிடிக்க நண்பர் ஒருவர் வைத்திருக்கும் பதினெட்டரை அடிப் படகுக்கு ஜாக் பிளேட், அதாவது படகுக்கும் மோட்டாருக்கும் நடுவே மாட்டி மோட்டாரைப் பின்னால் தள்ளி வைக்கும் தாங்கி, தேர்ந்தெடுத்ததைப் பற்றி இங்கே எழுதுகிறேன். எத்தனை இன்ச் பின்னால் தள்ளும் பிளேட், உயரத்தைக் கையால் திருகி மாற்றுவதா, பொத்தானை அழுத்தி மாற்றும் ஹைட்ராலிக்கா என்பதுதான் கேள்வி. பெரும்பாலானவர்கள் மோட்டாரின் குதிரைத்திறனை வைத்தும், எவ்வளவு வேகம் கூடும் என்பதை வைத்தும் முடிவு செய்கிறார்கள். படகின் பின்பக்கம் ஏற்கெனவே எவ்வளவு பாரம் சுமக்கிறது, அது எந்த மாதிரித் தண்ணீரில் ஓடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இந்தப் படகில் அதை எப்படிப் பார்த்தோம் என்று விவரமாகவே சொல்கிறேன்.

படகும் ஏரியும்

கண்ணாடியிழைப் படகு, வயது இருபதைத் தொட்டுவிட்டது. முதலில் இருந்த இரண்டு ஸ்ட்ரோக் 150 குதிரைத்திறன் மோட்டார் ஓய்ந்துபோனதும், நண்பர் மெர்க்குரியின் நான்கு ஸ்ட்ரோக் 150-ஐ மாட்டினார். 3 லிட்டர், நான்கு சிலிண்டர், எடை 455 பவுண்டு, கியர் விகிதம் 1.92. முழுத் திராட்டிலில் 5000 முதல் 5800 ஆர்.பி.எம்.-க்குள் சுழல வேண்டிய மோட்டார். நம்பிக்கையான இன்ஜின்தான், ஆனால் பழையதைவிடக் கனம். அதை நேரே டிரான்சத்தில், அதாவது படகின் பின்பலகையில், போல்ட் போட்டு மாட்டியிருந்தார்கள்.

அந்தப் பின்பலகைக்குப் பக்கத்திலேயே மற்ற பாரமும் உட்கார்ந்திருக்கிறது. மெதுவாக நகர முன்னால் வைத்திருக்கும் சின்ன மின்மோட்டாரான ட்ரோலிங் மோட்டாருக்கு இரண்டு பேட்டரி, இன்ஜின் ஸ்டார்ட் செய்ய ஒன்று, ஒவ்வொன்றும் சுமார் 65 பவுண்டு. பெட்ரோல் ஒரு கேலன் 6 பவுண்டுக்குச் சற்று மேல்; டேங்க் நிறைந்தால் 30 கேலன். பிடித்த மீனை உயிரோடு வைத்திருக்கும் லைவ்வெல்லில் 25 கேலன் தண்ணீர் நிரப்பினால் அதுவே 200 பவுண்டைத் தாண்டுகிறது. நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் வருவதற்கு முன்பு வடிவமைத்த ஹல்லின், அதாவது படகின் உடற்பகுதியின், பின் மூன்றிலொரு பங்கில் இத்தனையும் இருக்கிறது.

ஏரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சபைன் ஆற்றின் துணையாறான லேக் ஃபோர்க் க்ரீக்கின் குறுக்கே அணை கட்டி 1980-இல் தண்ணீர் தேக்கினார்கள். பரப்பு ஏறக்குறைய 27,000 ஏக்கர். மூழ்கிய மரங்களில் பெரும்பகுதியை வெட்டாமல் விட்டதால் ஏரி முழுக்கப் பட்ட மரங்கள் நிற்கின்றன, தண்ணீருக்குக் கீழே தெரியாத அடிக்கட்டைகளும் உண்டு. அந்த மறைவிடங்களில்தான் லார்ஜ்மவுத் பாஸ் பெருத்து வளர்கிறது. டெக்சாஸின் மாநிலச் சாதனை மீன், 18.18 பவுண்டு, 1992 ஜனவரியில் இங்கேதான் பேரி செயின்ட் கிளேரிடம் சிக்கியது. மரங்களுக்கு நடுவே படகு ஓட மிதவை வைத்துக் குறித்த பாதைகள் இருக்கின்றன. வேகமாகப் போவதெல்லாம் அந்தப் பாதையிலும் திறந்த நீரிலும்தான். பாதையை விட்டு விலகினால் ஊர்ந்துதான் போக வேண்டும். ஜாக் பிளேட் தேர்வில் இந்த ஒரு விவரம் பாதி முடிவைச் செய்துவிட்டது.

பிளேட் செய்யும் வேலை

ஜாக் பிளேட் என்பது பின்பலகைக்கும் மோட்டாருக்கும் நடுவில் உட்காரும் அலுமினியத் தாங்கி. மோட்டாரைச் சில இன்ச் பின்னால் தள்ளி வைக்கும். இதை செட்பேக் என்பார்கள். அப்புறம், மோட்டாரை மேலும் கீழும் நகர்த்த வழி கொடுக்கும். வேகமாக ஓடும் ஹல்லின் அடியில் அழுந்தியிருந்த தண்ணீர், பின்பலகையைத் தாண்டியதும் மேலே எழும்புகிறது. பின்னால் தள்ளி வைத்த ப்ராப், அதாவது ப்ரொப்பெல்லர், அந்த எழும்பிய தண்ணீரில் சுழல்வதால் மோட்டாரையும் உயர்த்தி மாட்ட முடிகிறது. ஏறக்குறைய 10 இன்ச் செட்பேக்குக்கு 1 இன்ச் உயரம் என்று படகுக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தொடங்குவதற்கு அது போதும். மோட்டார் உயர்ந்தால் ப்ராப்பைத் தாங்கும் மோட்டாரின் அடிப்பகுதியான கியர்கேஸ் தண்ணீருக்குள் இழுபடுவது குறைகிறது, வேகம் கூடுகிறது. மோட்டார் தள்ளியிருப்பதால் நெம்புகோலும் நீளமாகி, டிரிம் செய்யும்போது, அதாவது மோட்டாரின் சாய்வை மாற்றும்போது, படகின் மூக்கு எளிதாகத் தூக்குகிறது.

1968-இல் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ஃப்ளிப்பின் ஊரில் ஃபாரஸ்ட் வுட் ரேஞ்சர் படகுகளைக் கட்டத் தொடங்கியபோது படகுகளும் சிறியவை, மோட்டார்களும் சிறியவை. இன்று 20, 21 அடிப் படகில் 250 குதிரைத்திறன் சாதாரணம், பி.ஏ.எஸ்.எஸ். என்ற பாஸ் மீன்பிடி அமைப்பின் போட்டிகளிலும் பல ஆண்டுகள் அதுதான் உச்ச வரம்பாக இருந்தது. அந்த அளவுப் படகுகள் பெரும்பாலும் தொழிற்சாலையிலிருந்தே ஜாக் பிளேட்டோடு வருகின்றன. ஹல்லும் அதற்கேற்ற மிதப்போடுதான் கட்டப்படுகிறது. அவற்றில் 10 இன்ச், 12 இன்ச் பிளேட்டைப் பார்த்துவிட்டு, பதினெட்டரை அடிப் படகுக்கும் அதையே கேட்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

10 இன்ச் ஏன் வேண்டாம்

நண்பரும் அதைத்தான் கேட்டார். "அண்ணே, 10 இன்ச் ஹைட்ராலிக் போட்டா அஞ்சு மைல் கூடும்னு கடையில சொல்றாங்க. செய்யறதை ஒரே தடவையா செஞ்சிடலாமே?"

"வாங்கறதுக்கு முன்னாடியே அதைப் படகுல பாத்துடலாம்பா, காசு செலவில்லாம," என்றேன்.

இந்தச் சோதனையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். 455 பவுண்டு மோட்டாரை 10 இன்ச் பின்னால் நகர்த்தினால் படகின் சமநிலையில் ஏற்படும் மாற்றம் 4550 இன்ச்-பவுண்டு. நண்பரின் எடை 180 பவுண்டு. அவர் ஓட்டுநர் இருக்கையிலிருந்து 25 இன்ச் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தால் 4500. ஏறக்குறைய அதே மாற்றம். 6 இன்ச் பிளேட்டுக்கு 2730. அவர் 15 இன்ச் நகர்ந்தால் போதும். பிளேட்டுக்கென்று ஓர் எடை இருக்கிறதல்லவா, அதற்குத் தண்ணீர் கேன்களைப் பின் ஓரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

டேங்க் நிறைந்திருக்க, லைவ்வெல்லில் தண்ணீர் நிரப்பி, கூட வரும் ஆளுக்குப் பதிலாக நான் பக்கத்து இருக்கையில் உட்கார, படகுத்துறையில் கட்டிய நிலையிலேயே பார்த்தோம். பின்பலகையின் இரண்டு ஓரத்திலும் நீர்மட்டத்தில் நீல நிற டேப் ஒட்டினோம். 15 இன்ச் நகர்ந்தபோது நீர்மட்டம் டேப்பின் மேல் விளிம்பைத் தொட்டது, அவ்வளவுதான். 25 இன்ச் நகர்ந்து, ஹைட்ராலிக் பிளேட்டின் எடைக்கான கேன்களையும் வைத்தபோது டேப் முழுகியது. மோட்டாருக்கு முன்னால் உள்ள ஸ்பிளாஷ்வெல் குழியின் வடிகால் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியது. சின்ன ஊற்று மாதிரி, சத்தமில்லாமல் வந்தது. அசையாத தண்ணீரில் நின்ற படகில் இது நடக்கிறது. பின்பக்கமிருந்து ஒரு அலை வந்தாலோ, வேகமாக வந்து திடீரென்று திராட்டிலை மூடும்போது படகின் சொந்த அலையே பின்னால் வந்து மோதினாலோ என்ன ஆகும் என்று நண்பருக்கு அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஓடும்போதும் 10 இன்ச் இந்தப் படகுக்குக் கஷ்டம் கொடுத்திருக்கும். பின்பக்கக் கனம் கூடினால் படகு எழுந்து தண்ணீரின்மேல் வழுக்கி ஓடும் நிலைக்கு, அதாவது பிளேனுக்கு, வர நேரம் எடுக்கும். மூக்கு வானத்தைப் பார்க்க, ஓட்டுபவருக்கு முன்னால் இருப்பது தெரியாது. மரக்கட்டை மிதக்கும் ஏரியில் அந்தச் சில விநாடிகள் முக்கியமானவை. மிதமான வேகத்தில் மூக்கு எழும்பி விழுந்து துள்ளும் பிரச்சினையும் கூடும்.

இன்னொரு காரணம் வீட்டிலேயே இருந்தது. படகை டிரெய்லரோடு கேரேஜுக்குள் ஏற்றினால் மோட்டாருக்கும் கதவுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான். 6 இன்ச் போட்டால் மோட்டாரை ஒரு பக்கம் திருப்பி வைத்துக் கதவைச் சாத்திவிடலாம். 10 இன்ச் போட்டால் படகு வெயிலில்தான் நிற்கும். பிளேட் வாங்கிய பிறகு கேரேஜ் கதவு மூடாமல் தவிக்கிறவர்கள் நிறைய உண்டு. முதலில் டேப் எடுத்து அளந்துவிடுவது நல்லது.

ஆக 6 இன்ச் என்று முடிவானது. 4 இன்ச் போதாதா என்று கேட்கலாம். இந்தப் படகில் மோட்டாரை முழுசாகச் சாய்த்தால் அதன் மூடி ஸ்பிளாஷ்வெல் விளிம்பை உரசிக்கொண்டிருந்தது. 4 இன்ச்சிலும் அது தீர்ந்திருக்கும்தான். ஆனால் ஹல்லின் அடியில் நடுவே ஓடும் தட்டையான பகுதி, பேட், இந்தப் படகில் நன்றாகவே அமைந்திருக்கிறது. அந்த பேட் மேல் படகு ஏறி ஓட மூக்கு தூக்க வேண்டும். அதற்கு 6 இன்ச் நெம்புகோல் பயன்படும் என்று தோன்றியது. சமநிலைச் சோதனையிலும் 6 இன்ச் தேறிவிட்டதால் தயங்கவில்லை.

ஹைட்ராலிக் எப்போது நியாயம்

இதில்தான் நாங்கள் அதிக நேரம் பேசினோம். டி-எச் மரைனின் அட்லஸ், பாப்ஸ் மெஷின் ஷாப், சி.எம்.சி. என்று சந்தையில் நல்ல பெயர்கள் இருக்கின்றன. தரத்தில் எனக்குச் சந்தேகம் கிடையாது. சில வகைகளில் பம்ப் பிளேட்டுக்குள்ளேயே இருக்கும். சிலவற்றில் படகுக்குள் தனியாகப் பம்ப் வைத்து ஹோஸ் இழுக்க வேண்டும். இடம் குறைந்த சின்னப் படகுக்கு முதல் வகைதான் வசதி. பொத்தானை அழுத்தினால் ஓடிக்கொண்டிருக்கும்போதே மோட்டார் ஐந்து இன்ச் அளவுக்கு ஏறி இறங்கும்.

அந்த வசதி யாருக்கு உண்மையில் தேவை? ஃப்ளோரிடாவின் ஒக்கிச்சோபீ ஏரி மாதிரி பரந்த, ஆழம் குறைந்த, புல் அடர்ந்த நீரில் ஓடுபவருக்கு நிச்சயம் தேவை. மோட்டாரைத் தாழ்த்திக் கிளம்பி, பிளேனுக்கு வந்ததும் உயர்த்தி, இரண்டடித் தண்ணீரில்கூட ஓடிவிடலாம். அதேபோல ஒரு நாள் தனியாக, ஒரு நாள் நிறைபாரத்தோடு போட்டிக்கு என்று பாரம் மாறிக்கொண்டே இருக்கும் வேகப் படகுக்கும் தேவை. பாரம் மாறினால் சரியான உயரமும் மாறும்.

லேக் ஃபோர்க்கில் நண்பர் செய்வது வேறு. குறித்த பாதையில் வேகமாகப் போகிறார், மரங்களுக்கு அருகே வந்ததும் வேகத்தைக் குறைக்கிறார், உள்ளே போக ட்ரோலிங் மோட்டாரை இறக்குகிறார். அடிக்கட்டைகள் நிறைந்த ஆழமற்ற இடத்தில் மோட்டாரை உயர்த்திக்கொண்டு வேகமாக ஓடுவது அந்த ஏரியில் யாருமே செய்யக்கூடாத காரியம். "தூக்கிக்கலாம்ல, கட்டையில படாதே" என்று அவர் சொன்னபோது நான் கொஞ்சம் கறாராகவே பேசினேன். கியர்கேஸ் 3 இன்ச் உயர்ந்தால் 3 இன்ச் உயரமான அடுத்த கட்டை காத்திருக்கும். ஹல்லில் பட்டால் அது இன்னும் மோசம்.

எடையும் இருக்கிறது. கையால் திருகும் பிளேட்டைவிட ஹைட்ராலிக் கணிசமாகக் கனம். அந்தக் கனம் படகில் எங்கே இருக்கக் கூடாதோ அங்கேயே போய் உட்காரும். விலையும் ஆயிரம் டாலரைத் தாண்டும், கையால் திருகுவது சில நூறு டாலரில் முடியும். மிச்சமாகும் பணத்தில் ட்ரோலிங் மோட்டாரின் இரண்டு ஈய பேட்டரிகளையும் எடுத்துவிட்டு லித்தியம் போடலாம் என்பது என் யோசனை. ஒவ்வொன்றும் பாதி எடைகூட இராது. அதாவது பின்பக்கத்தில் எழுபது பவுண்டுக்கு மேல் குறையும். அது 6 இன்ச் பிளேட்டின் எடையை ஈடுகட்டுவதோடு, செட்பேக்கால் வந்த மாற்றத்திலும் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கும். ஸ்டார்ட் செய்யும் பேட்டரியை மாற்றவில்லை. அதற்கு மோட்டார் கையேடு சொல்லும் வகையைத்தான் வைக்க வேண்டும். நண்பர் ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் பிளேட்டைவிட இந்த பேட்டரி மாற்றம்தான் படகுக்குப் பெரிய நன்மை செய்தது என்று நினைக்கிறேன்.

பின்பலகை தாங்குமா

பழைய படகில் இதைப் பார்க்காமல் பிளேட் வாங்கவே கூடாது. மோட்டார் பின்னால் தள்ளிப் போகப் போகப் பின்பலகையை இழுக்கும் விசை கூடுகிறது, டிரெய்லரில் மேடு பள்ளத்தில் குலுங்கும்போதும் சேர்த்துத்தான். அந்தக் காலப் படகுகள் பலவற்றில் பின்பலகையின் உள்ளே ஒட்டுப்பலகை இருக்கும். போல்ட் துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால் உள்ளுக்குள்ளேயே மக்கிவிடும், வெளியே கண்ணாடியிழை பளபளவென்று இருக்கும்.

மோட்டாரைப் பாதி சாய்த்து, கியர்கேஸை இரண்டு கையாலும் அழுத்திக் குலுக்கினோம். பின்பலகையின் மேல் விளிம்பில் ஒருவர் விரல் வைத்துப் பார்த்தார், அசைவில்லை. ரப்பர் சுத்தியலால் ஒவ்வொரு கையகலமாகத் தட்டிக்கொண்டே போனோம். எங்கும் ஒரே இறுக்கமான சத்தம், மந்தமான இடம் இல்லை. கடைசியாக, மோட்டாரைச் சங்கிலியில் தூக்கிப் போல்ட்களைக் கழற்றியபோது, கீழ்த் துளைகளுக்குள் ஒரு மெல்லிய திருப்புளியை விட்டுச் சுரண்டினேன். மேல் துளையில் தண்ணீர் சேர்வது குறைவு, கீழ்த் துளைதான் உண்மையைச் சொல்லும். வெளிர் மஞ்சளாக, காய்ந்த தூள் வந்தது. விரலில் தேய்த்தால் உதிர்ந்தது. கறுப்பாக, ஈரமாக, ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் வேலையை அங்கேயே நிறுத்தியிருப்போம். மக்கிய பின்பலகையைப் புதுப்பிப்பது பிளேட்டைவிடப் பல மடங்கு செலவு, ஆனால் தள்ளிப்போட முடியாத செலவு.

கொள்ளளவுத் தகட்டையும் பார்த்தோம். 20 அடிக்குக் குறைந்த இந்த வகைப் படகுகளில் அமெரிக்கச் சட்டப்படி அது ஒட்டியிருக்கும். 150 குதிரைத்திறன்தான் உச்சம், மோட்டார் சரியாக அதில் நிற்கிறது. ஆட்கள், மோட்டார், சாமான் எல்லாம் சேர்த்து ஒரு மொத்த எடை போட்டிருக்கும். பிளேட்டும் அந்தக் கணக்கில் வரும்.

மாட்டுவது எளிதாகவே முடிந்தது. அவுட்போர்டு மோட்டார்களின் போல்ட் இடைவெளி பொதுவான ஓர் அளவு என்பதால் பழைய துளைகளே பிளேட்டுக்குப் பொருந்தின, புதிதாகத் துளைக்கவில்லை. அரை இன்ச் துருப்பிடிக்காத எஃகுப் போல்ட், உள்பக்கம் அகலமான தாங்கு தகடு, கடல்வேலைக்கான சீலன்ட். சீலன்டில் நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும் வகையைத் தவிர்த்தோம், பின்னால் ஒரு நாள் பிளேட்டைக் கழற்ற வேண்டி வரலாம். ஸ்டியரிங்கின் ஹைட்ராலிக் ஹோஸ்தான் தகராறு செய்தது. மோட்டார் 6 இன்ச் பின்னால் போனதும், ஒரு பக்கம் முழுக்கத் திருப்பிச் சாய்க்கையில் ஹோஸ் விறைத்துக்கொண்டு நின்றது. நீளமான ஹோஸ் வரவழைத்து, மறுபடி எண்ணெய் ஊற்றிக் காற்றை வெளியேற்றிய பிறகுதான் அடுத்த வேலை. எரிபொருள் குழாய், கியர் கேபிள், பேட்டரி வயர் எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் முழுத் திருப்பத்தில், முழுச் சாய்வில் பார்க்க வேண்டும். டிரெய்லரில் மோட்டாரைத் தாங்கும் கம்பியின் நீளத்தையும் மாற்ற வேண்டியிருந்தது.

உயரம் பார்த்த விதம்

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கையால் திருகும் பிளேட் வாங்கினால் ஒவ்வொரு தடவையும் போல்ட்டைத் தளர்த்தி, திருகி, இறுக்க வேண்டும். அதைச் சலிக்காமல் செய்தால்தான் பலன். ஏதோ ஓர் உயரத்தில் மாட்டிவிட்டு "பிளேட் ஒண்ணும் பெரிசா செய்யல" என்று சொல்பவர்கள் பிளேட்டைப் பயன்படுத்தவே இல்லை.

அளக்க வேண்டியது ப்ராப் தண்டின் மையம் பேட்டின் அடிப்பரப்பைவிட எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை. படகை டிரெய்லரோடு சமதளத்தில் நிறுத்தி, பேட்டில் நீர்மட்டக்கோல் வைத்துச் சமமாக்கி, தண்டு பேட்டுக்கு இணையாக வரும்வரை மோட்டாரை டிரிம் செய்யவேண்டும். அப்புறம் தரையிலிருந்து பேட் வரை ஒரு அளவு, தரையிலிருந்து தண்டின் மையம் வரை இன்னொரு அளவு. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் வருவதுதான் நமக்கு வேண்டியது. பிளேட் போடுவதற்கு முன் இது ஐந்தரை இன்ச். அதாவது மோட்டார் தேவைக்கு மேல் தாழ்ந்து, கியர்கேஸைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது.

ஓட்டிப் பார்க்கும் முன் நீரழுத்த மானி ஒன்று வாங்கி மாட்டினோம். மோட்டாரை உயர்த்தும் யாரும் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் கியர்கேஸின் பக்கவாட்டுத் துளைகள் வழியாகத்தான் உள்ளே போகிறது. மோட்டார் உயர்ந்தால் அந்தத் துளைகள் நீர்மட்டத்தை நெருங்கும், காற்று கலக்கும். இன்ஜின் சூடாகி அலாரம் அடிக்கும்போது காலம் கடந்திருக்கும். மானி அதற்கு வெகு முன்பே சொல்லிவிடும். மூக்கிலேயே தண்ணீர் எடுக்கும் துளை வைத்த கியர்கேஸ்கள் உண்டு. மெர்க்குரியின் டார்க் மாஸ்டர், ஸ்போர்ட் மாஸ்டர் அப்படிப்பட்டவை. இந்த மோட்டாரில் இருப்பது சாதாரண வகை.

சோதனையில் எரிபொருள் அளவு, ஆட்கள், ஓடிய இடம் எல்லாம் ஒன்றே. ஜி.பி.எஸ். வேகத்தைக் காற்றை எதிர்த்தும் காற்றோடும் எடுத்துச் சராசரி பார்த்தோம். இருவரும் லைஃப் ஜாக்கெட் போட்டு, ஓட்டுபவர் இன்ஜின் நிறுத்தும் கயிற்றை மாட்டிக்கொண்டோம். 2021 ஏப்ரல் 1 முதல் 26 அடிக்குக் குறைந்த படகுகளில் வேகமாக ஓடும்போது அது அமெரிக்கச் சட்டப்படி கட்டாயம். சட்டம் இல்லாவிட்டாலும் உயரம் சோதிக்கும் நாளில் அது இல்லாமல் நான் ஏற மாட்டேன்.

பிளேட் இல்லாமல் 21 பிட்ச் ப்ராப்போடு, அதாவது நழுவாவிட்டால் ஒரு சுற்றுக்கு 21 இன்ச் முன்னேறும் ப்ராப்போடு, 5600 ஆர்.பி.எம்., மணிக்கு 50 மைல். ப்ராப் எவ்வளவு நழுவுகிறது என்பதைக் கணக்கிட எளிய வழி இருக்கிறது. ஆர்.பி.எம்.-ஐ பிட்ச்சால் பெருக்கி, கியர் விகிதத்தையும் 1056-ஐயும் பெருக்கிய தொகையால் வகுத்தால், நழுவலே இல்லாதபோது வர வேண்டிய மைல் வேகம் கிடைக்கும். இங்கே அது 58. உண்மையில் ஓடியது 50. நழுவல் கிட்டத்தட்ட 14 சதவீதம்.

பிளேட் போட்ட பிறகு நாலரை இன்ச்சில் தொடங்கிக் கால் இன்ச் காலாக உயர்த்தினோம். 4 இன்ச் வரை வேகம் மெல்ல ஏறியது, மானியில் பெரிய மாற்றம் இல்லை. மூன்றரையில் ஆர்.பி.எம். 5800-ஐத் தொட்டது, வேகம் 54. அதே கணக்கில் வர வேண்டியது 60, நழுவல் 10 சதவீதம். ஸ்டியரிங் கையில் லேசாக ஆனது. படகு பேட் மேல் ஏறி ஓடுவதை உட்காரும் இருக்கையிலேயே உணர முடிந்தது. மூன்றே காலில் நேராகப் போகும்போது அரை மைல் கூடியது, ஆனால் திரும்பும்போது ப்ராப் பிடிப்பை விட்டுக் காற்றில் சுழல்வதுபோல் இரைந்தது. 3 இன்ச்சில் மானியின் முள் 10 பி.எஸ்.ஐ.-க்குக் கீழே இறங்கி ஆடத் தொடங்கியது. நண்பர் உடனே திராட்டிலை இழுத்துவிட்டார். அரை மைலுக்காக அங்கே நிற்பதில் அர்த்தமில்லை. மூன்றரைக்கே திரும்பினோம்.

ப்ராப்

6 இன்ச் பிளேட்டோடு பழைய மூன்று இதழ் ப்ராப் ஒரு விஷயத்தில் சுணங்கியது: நிறைபாரத்தோடு கிளம்பி பிளேனுக்கு வர முன்பைவிட நேரம் எடுத்தது. மோட்டார் உயர்ந்திருப்பதால் கிளம்பும்போதே காற்று கலந்து ப்ராப் வழுக்குகிறது. மெர்க்குரி ப்ராப்களில் இதழ்களுக்குப் பின்னால் காற்றுத் துளைகள் இருக்கும், அளவுக்கேற்ற அடைப்பான் போடலாம். தாழ்ந்த மோட்டாருக்குத் துளை திறந்திருந்தால் ப்ராப் கொஞ்சம் நழுவி, இன்ஜின் ஆர்.பி.எம். பிடித்துச் சட்டென்று எழும்பும். உயர்த்திய மோட்டாருக்கு அது வேண்டாம், காற்று ஏற்கெனவே தாராளமாகக் கிடைக்கிறது. துளைகளை முழுக்க அடைத்ததும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மீதிக்கு, நான்கு இதழ் துருப்பிடிக்காத எஃகு ப்ராப் ஒன்றைத் தெரிந்தவரிடம் இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தோம், ஒரு பிட்ச் குறைவாக. உச்ச வேகத்தில் ஒரு மைல் போயிற்று. ஆனால் நிறைபாரத்தில் ஐந்து விநாடிக்குள் படகு எழுந்துவிட்டது, திரும்பும்போது பிடிப்பு விடவில்லை, மிதமான வேகத்திலும் இறங்காமல் பிளேனிலேயே நின்றது. மரங்களுக்கு நடுவே பாதை வளைந்து வளைந்து போகும் ஏரியில் இதுதான் சரியான ப்ராப் என்று நண்பரே சொன்னார். அதேபோல ஒன்றை வாங்கிவிட்டார்.

மோட்டார் உயர்ந்த பிறகு ஸ்டியரிங் கொஞ்சம் வலப்பக்கம் இழுத்தது. ப்ராப் நீர்மட்டத்தை நெருங்கும்போது கீழ் இதழ் மேல் இதழைவிட அதிகமாகத் தள்ளுவதால் வருவது அது. கியர்கேஸின் மேல் உள்ள டிரிம் டேபைச் சிறிது திருப்பி வைத்ததில் பெரும்பகுதி போய்விட்டது.

சில மாதம் ஓடிய பின் போல்ட்களை டார்க் ரெஞ்சால் மறுபடி பார்த்தோம். கீழே உள்ள இரண்டில் ஒன்று கால் திருப்பு ஏற்றுக்கொண்டது, மற்றவை அசையவில்லை. சீலன்டைச் சுற்றி ஈரமில்லை. ஒவ்வொரு நட்டின் மேலும் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்து, அதைத் தாங்கு தகடு வரை நீட்டியிருக்கிறோம். இனி நட்டு நகர்ந்தால் கோடு விலகித் தெரியும். படகை இறக்கும் முன் நண்பர் ஸ்பிளாஷ்வெல்லை எட்டிப் பார்ப்பதோடு அந்தக் கோடுகளையும் பார்த்துக்கொள்கிறார்.